வால்ஐ மீனும் எச்சில் தொட்ட முடிச்சும்

வால்ஐ என்னும் வட அமெரிக்க நன்னீர் மீனுக்காக வீட்டு மேசையில் கட்டப்படும் தூண்டில் தொடுப்பில் முள்ளுக்கும் மணிக்கும் தகட்டுக்கும் ஈயத்துக்கும் கடையில் விலை உண்டு; முடிச்சுக்கு மட்டும் விலை கிடையாது. விலையில்லாத பொருளுக்கு மதிப்பும் இல்லை என்னும் உலக வழக்கு இங்கும் செல்லுபடியாவதால், தகடு பொன்னிறமாக இருக்க வேண்டுமா வெள்ளி நிறமாக இருக்க வேண்டுமா என்று ஒரு மாலைப்பொழுதையே விவாதத்தில் கழிப்பவர்கள், அத்தனை அலங்காரத்தையும் தாங்கப்போகும் ஓரங்குல நரம்பை அரை நிமிடத்தில் சுற்றி இழுத்துவிட்டு எழுந்துவிடுகின்றனர். மீன் தப்பும்போது பழி நரம்பு செய்த நிறுவனத்தின் மீதோ, முள்ளின் கூர்மையின் மீதோ, மீனின் பருமன் மீதோ விழுகிறது (தப்பிய மீன் எப்போதும் பெரிய மீன்தான் என்பது எல்லா நாட்டுத் தூண்டில்காரர்களும் ஒருமனதாக ஏற்றுக்கொண்ட விதி). முடிச்சு குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்படுவது அரிது.

மீனின் பெயரிலிருந்தே விளக்கம் தேவைப்படுகிறது. வால்ஐ என்பதில் உள்ள வாலுக்கும் மீனின் வாலுக்கும் தொடர்பில்லை. தமிழகக் கடற்கரைச் சந்தைகளில் வெள்ளிப் பட்டைபோல் அடுக்கப்படும் வாளைக்கும் இதற்கும் உறவில்லை. வெளிறிய கண்ணைக் குறிக்கும் பழைய நார்ஸ் மொழிச் சொல்லிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த பெயர் அது. அறிவியல் பெயரான சாண்டர் விட்ரியஸ் என்பதிலும் பிற்பகுதி இலத்தீனில் கண்ணாடி போன்றது என்று பொருள்படும். விழித்திரைக்குப் பின்னே ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் இம்மீனுக்கு இருப்பதால், பூனையின் கண்ணைப் போலவே விளக்கொளியில் இதன் கண் மின்னுகிறது. அந்தி மங்கலிலும் கலங்கிய நீரிலும் மற்ற மீன்கள் தடுமாறும் நேரத்தில் இது இரை தேடுகிறது. மினசோட்டா மாநிலம் 1965-இல் இதனைத் தன் மாநில மீனாக அறிவித்தது. அம்மாநிலத்தின் பொடெட் என்னும் சிற்றூரில் 40 அடி நீளத்துக்கு இதற்குச் சிலையே உண்டு. கனடாவில் இதே மீன் பிக்கரல் என்று வழங்கப்படுவதால், டொராண்டோ மீன் கடையில் பிக்கரல் வாங்கிக் குழம்பு வைக்கும் தமிழர் வால்ஐ என்ற பெயரையே கேள்விப்படாதிருக்கலாம். (உண்மையான பிக்கரல் வேறொரு குடும்பத்து மீன் என்பதைச் சொல்லிக் கடைக்காரரிடம் வாதிடுவதால் விலை குறையப்போவதில்லை.)

முடிச்சைப் பற்றிய பேச்சுக்கு இம்மீனின் இரண்டு பண்புகள் முதன்மையானவை. முதலாவது, அது இரையைப் பாய்ந்து கடிப்பதைவிட, வாயைத் திடீரென விரித்து நீரோடு சேர்த்து உறிஞ்சுவதையே பெரிதும் செய்கிறது; ஆகவே இரையைத் தாங்கும் நரம்பு மெலிதாகவும் துவள்வதாகவும், முள் சிறிதாகவும் இருந்தால்தான் இரை தடையின்றி வாய்க்குள் போகும். இரண்டாவது, அதன் வாயில் கூரிய பற்கள் உண்டு. ஆயினும் அவை அதே ஏரிகளில் வாழும் பைக் மீனின் பற்களைப் போல நரம்பை ஒரே வீச்சில் அறுப்பவை அல்ல, கீறுபவை மட்டுமே. உலோகக் கம்பி கட்ட வேண்டிய தேவை இதனால் நீங்கினாலும், முள்ளுக்கு மேலுள்ள சில அங்குல நரம்பு ஒவ்வொரு மீனுக்குப் பின்னும் சிறிது சிறிதாகச் சொரசொரத்துப்போகிறது. மெலிந்த நரம்பு, சிறிய முள், கீறும் பல் ஆகிய மூன்றும் ஒன்றுசேரும் இடத்தில்தான் முடிச்சு உட்கார்ந்திருக்கிறது.

தமிழில் தங்கூசி என்றும் நரம்பு என்றும் வழங்கும் இழையின் வரலாறு முடிச்சுகளின் வரலாறும் ஆகும். நைலானுக்கு முந்தைய காலத்தில் முள்ளுக்கு அருகில் கட்டப்பட்ட நுண்ணிழை பெரும்பாலும் பட்டுப்புழுவின் உடலிலிருந்து எடுக்கப்பட்டது. கூடு கட்டத் தொடங்கும் தறுவாயில் புழுவைக் காடியில் ஊறவைத்து, அதன் பட்டுச் சுரப்பியை வெளியெடுத்துக் கையால் நீட்டி இழையாக்குவர். ஸ்பெயின் நாட்டின் மூர்சியா வட்டாரம் இத்தொழிலுக்குப் பேர்போனதாக இருந்தது. அந்த இழை உலர்ந்த நிலையில் மொறமொறப்பானது என்பதால், நீரில் ஊறவைத்த பின்னரே முடிச்சிட முடியும். டூபான்ட் நிறுவனம் 1938-இல் நைலானை உலகுக்கு அறிவித்த பிறகு, சில ஆண்டுகளில் ஒற்றை இழை நைலான் தூண்டில் உலகைத் தன்வசமாக்கிற்று. பட்டு நரம்பில் இறுகி நின்ற பழைய முடிச்சுகள் சில, வழவழப்பான நைலானில் வழுக்கிக் கழன்றன. பின்னர் வந்த ஃபுளோரோகார்பன் (ஃபுளோரின் சேர்ந்த பிளாஸ்டிக்) நைலானைவிட அடர்த்தி மிக்கது என்பதால் விரைந்து மூழ்குகிறது. ஒளியை வளைக்கும் தன்மையில் நைலானைவிட நீருக்குச் சற்று நெருக்கமாக இருப்பதால் நீருக்குள் குறைவாகத் தெரிகிறது. ஆனால் விறைப்பானது, முடிச்சில் எளிதில் படியாதது. பல நுண்ணிழைகளைப் பின்னிச் செய்த பாலிஎத்திலீன் நரம்போ, ஒரே தடிமனில் நைலானைவிடப் பன்மடங்கு வலிமை கொண்டது. எனினும் மெழுகு பூசியதுபோல் வழுக்குவது. ஒரே முடிச்சு இம்மூன்றிலும் ஒரே மாதிரி நிற்கும் என்று எதிர்பார்ப்பது, ஒரே செருப்பை வீட்டிலுள்ள எல்லோரும் போட்டுக்கொள்ளலாம் என்று எண்ணுவதற்கு ஒப்பாகும்.

முடிச்சு ஏன் நிற்கிறது என்பதைக் கட்டுத்தறியில் மாட்டைப் பிடித்து நிறுத்துபவர் நன்கறிவார். துள்ளும் காளையின் கயிற்றை வெறுங்கையால் பிடிக்க இயலாதவரும், அதனைத் தறியில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டால் ஒரு கையாலேயே நிறுத்திவிடுகிறார். ஒவ்வொரு சுற்றிலும் உராய்வு இழுவிசையின் பெரும்பகுதியை விழுங்கிவிடுவதே காரணம். 18-ஆம் நூற்றாண்டில் ஆய்லர் என்னும் கணித அறிஞர் இதற்கு வகுத்த சூத்திரத்தின்படி, சுற்றுகளின் எண்ணிக்கை கூடக்கூடப் பிடிப்பு கூட்டலாக அன்றிப் பெருக்கலாக வளர்கிறது. உராய்வெண் 0.2 என்று கொண்டால், ஐந்து சுற்றுகளில் ஒரு முனையில் உள்ள சிறு பிடி மறுமுனையில் ஏறத்தாழ 535 மடங்கு இழுவையைத் தாங்கும்; உராய்வெண்ணைப் பாதியாக்கி 0.1 என்று கொண்டால், அதே ஐந்து சுற்றுகள் 23 மடங்கைத்தான் தாங்கும். முடிச்சினுள் நரம்பு தன்மீதே சுற்றிக்கொள்வதால் உண்மைக் கணக்கு இத்தனை எளிதன்று. ஆனால் வழுக்கும் நரம்பில் சுற்றுகளைக் கூட்டியும் நரம்பை இரட்டித்தும் ஏன் கட்டவேண்டியிருக்கிறது என்பதற்கு இந்த இரண்டு எண்களே போதும். 0.1 உராய்வெண்ணில் எட்டுச் சுற்றுப் போட்டாலும் 152 மடங்குதான் கிடைக்கிறது என்பதால், பாலிஎத்திலீன் நரம்பில் ஐந்து சுற்றுப் போட்டுவிட்டு மீனை நொந்துகொள்வதில் நியாயமில்லை.

பிடித்து நிறுத்தும் உராய்வே கட்டும் வேளையில் பகையாகவும் மாறுகிறது. உலர்ந்த முடிச்சை வெடுக்கென்று இழுத்து இறுக்கும்போது நரம்பு தன்மீதே தேய்ந்து சூடேறி, சுற்றுகள் பதியும் இடத்தில் நைலானின் மேற்பரப்பு நைந்து வெளுக்கிறது. பாலிஎத்திலீன் 150 டிகிரி செல்சியஸுக்கு அருகிலேயே உருகிவிடும் பொருள் என்பதால் அதற்கு இன்னும் இளகிய மனம். இறுக்குவதற்கு முன் முடிச்சை எச்சிலாலோ நீராலோ நனைத்தல் வேண்டும் என்று எல்லாக் கையேடுகளும் ஓதுவது இதனால்தான். பட்டு நரம்பின் காலத்தில் இழையை இளக்குவதற்காக நனைத்தனர். நைலான் காலத்தில் சூட்டைத் தணிப்பதற்காக நனைக்கின்றனர். காரணம் மாறியும் சடங்கு மாறாத விந்தைகளில் இதுவும் ஒன்று. (மண்புழுவைத் தொட்ட கையோடு முடிச்சை வாய்க்குக் கொண்டுபோவதில் தயக்கம் உள்ளவர்கள் பக்கத்தில் ஒரு கிண்ணம் நீர் வைத்துக்கொள்ளலாம், ஏரியில் அதற்கும் பஞ்சமில்லை.)

வால்ஐத் தொடுப்புகளில் முதலிடம் பெறத்தக்கது ஸ்னெல் என்னும் தண்டுக்கட்டு ஆகும். ஊசிக்குக் காது இருப்பதுபோல முள்ளுக்கும் இன்று காது உண்டு. ஆனால் ஒரு காலத்தில் முட்கள் காதின்றி, தண்டின் நுனி தட்டையாக்கப்பட்டே விற்கப்பட்டன. கோப்பதற்குத் துளையில்லாத முள்ளில் நரம்பைத் தண்டின் மீதே வரிசையாகச் சுற்றி இறுக்குவதைத் தவிர வேறு வழியில்லை. காது வந்த பிறகும் இக்கட்டு ஒழிந்துபோகாததற்குக் காரணம், நரம்பின் இழுவை தண்டின் நேர்கோட்டிலேயே செல்வதுதான். காதில் மட்டும் தொங்கும் முடிச்சு பக்கவாட்டில் சாய இடமிருக்க, தண்டைத் தழுவிய கட்டில் முள்ளும் நரம்பும் ஒரே கம்பிபோல் நிற்கின்றன.

கட்டும் முறை சொல்வதற்கு நீளமானது, செய்வதற்குக் குறுகியது. நரம்பின் ஒரு முனையைக் காதின் வழியே செலுத்தித் தண்டோடு கிடத்திக்கொண்டு, நீண்ட பகுதியால் தண்டையும் அதன்மேல் கிடக்கும் நரம்பையும் சேர்த்துக் காதிலிருந்து வளைவை நோக்கி ஏழெட்டுச் சுற்று நெருக்கமாகச் சுற்றிய பின், நீண்ட பகுதியின் முனையை மீண்டும் காதினுள் நுழைத்து, சுற்றுகள் அவிழாதபடி கட்டைவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் பிடித்தவாறே, நனைத்து மெல்ல இழுத்தால் கட்டு தானே உட்காரும். இதில் புதியவர்கள் தவறும் இடங்கள் இரண்டு. ஒன்று, விரலைச் சற்றே தளர்த்தினாலும் சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்வது. ஏறிய சுற்று கீழுள்ள சுற்றை அறுக்கும் என்பதால் அத்தகைய கட்டை அவிழ்த்துக் கட்டுவதே முறை. மற்றொன்று, நரம்பு காதிலிருந்து வெளியேறும் பக்கம். அது தண்டின் முதுகிலிருந்து உட்புகுந்து முள்முனை நோக்கும் பக்கமாக வெளிவர வேண்டும். அப்போது இழுவை ஏற்பட்டதும் முனை வெளிப்பக்கமாகச் சாய்ந்து மீனின் வாயில் பதிகிறது. எதிர்ப்பக்கமாக வந்தால் முனை உட்பக்கமாக ஒதுங்கிக்கொள்கிறது. கட்டு இரண்டிலும் ஒரே அளவு உறுதியானதே, அழகும் ஒன்றே, ஆகவே பிழை எங்கே என்று தெரியாமலே ஒரு பருவம் முழுவதையும் கழித்துவிட முடியும்.

இத்தண்டுக்கட்டின் உண்மையான பயன் ஒரே நரம்பில் இரண்டு முட்களை அடுத்தடுத்துக் கட்டும்போது தெரிகிறது. நைட்கிராலர் எனப்படும் பருத்த மண்புழுவை நீட்டி நிறுத்தி இழுத்துச் செல்வதற்கான இந்தத் தொடுப்பு கிராலர் ஹார்னஸ் என்று வழங்கும். புழுவுக்கு மாட்டிய சேணம் என்று அதனைத் தமிழில் கூறலாம். பின்முள்ளை மேற்கண்டவாறு கட்டி முடித்ததும், நீண்ட பகுதியை முன்முள்ளின் காதில் கோத்து, நான்கு அல்லது ஐந்து அங்குல இடைவெளியில் நிறுத்தி, பின்முள்ளிலிருந்து வரும் நரம்பையே தண்டோடு கிடத்தி அதன்மீது சுற்ற வேண்டும். முதற்கட்டில் வெட்டி எறியப்படும் வால்முனையின் இடத்தை இரண்டாம் கட்டில் பின்முள்ளின் நரம்பு எடுத்துக்கொள்கிறது. மண்புழுவின் தலை முன்முள்ளிலும் நடுவுடல் பின்முள்ளிலும் பொருந்த, எஞ்சிய வால் நீரில் நெளிந்து கிடக்கும். புழு சுருங்கிக் கூனிவிட்டால் தொடுப்பு முழுவதும் பம்பரமாகச் சுழன்று நரம்பை முறுக்கிவிடும் என்பதால் இடைவெளியை மேசையிலேயே அளந்து கட்டுதல் நலம்.

முன்முள்ளுக்கு மேலே ஐந்தாறு மணிகளும், அவற்றுக்கு மேலே கிளெவிஸ் எனப்படும் சிறு வளைகவ்வியில் மாட்டிய தகடும் கோக்கப்படுகின்றன. மணிகள் வெறும் அலங்காரம் அல்ல. தகடு பின்னுக்கு வழிந்து முள்ளின் காதில் இடித்துச் சுழலாமல் நின்றுவிடுவதை அவை தடுக்கின்றன. தகட்டின் குழிந்த பக்கம் முட்களை நோக்கியிருக்க வேண்டும். மாற்றிக் கோத்தால் அது சுழல மனமில்லாமல் தள்ளாடும். இறுதியில், நரம்பை இரட்டித்து இரண்டு முறை நுழைத்து இறுக்கும் அறுவையர் கண்ணி ஒன்றோ, ஒரு முனை திரும்பினாலும் மறுமுனை திரும்பாத ஸ்விவெல் என்னும் சுழல் வளையமோ வைத்துத் தொடுப்பை முடிப்பர். இங்கே வரிசையே எல்லாம்: மணிகளும் தகடும் மேல்முனை வழியாக மட்டுமே ஏறும் என்பதால், சுழல் வளையத்தைக் கட்டி, வால்முனையை வெட்டி, கையிலெடுத்து அழகு பார்க்கும் கணத்தில் மணிகள் கிண்ணத்திலேயே கிடப்பதைக் காண்பது இக்கலை பயில்வோர் அனைவருக்கும் வாய்க்கும் தீட்சை. (அப்போது வெளிப்படும் சொற்களை எந்த முடிச்சு நூலும் பதிவு செய்யவில்லை.) ஒவ்வொரு தண்டுக்கட்டும் சில அங்குல நரம்பை விழுங்கிவிடும் என்பதையும் மறக்கலாகாது, ஐந்தடித் தொடுப்பு வேண்டுவோர் ஆறடியாவது வெட்டிக்கொள்ள வேண்டும், நீண்ட முனையைக் காதில் மீண்டும் மீண்டும் நுழைக்கவேண்டியிருப்பதால் உருளையிலிருந்து முன்கூட்டியே வெட்டவும் வேண்டும். 10 பவுண்டு நரம்பு தெளிந்த நீருக்குப் போதுமானது. ஈரி ஏரிபோல் பெரிய தகடுகளையும் பெரிய மீன்களையும் எதிர்பார்க்கும் இடங்களில் 17 அல்லது 20 பவுண்டு நரம்பு கட்டுவது வழக்கம்.

வீட்டில் கட்டுவது கடைச் சரக்கைவிட மலிவு என்னும் வாதம் முழு உண்மையல்ல. ஒரு தொடுப்புக்கான பொருளின் விலை குறைவே, ஆனால் ஒரே ஒரு தொடுப்புக்கான பொருளை மட்டும் வாங்கிக்கொண்டு கடையிலிருந்து திரும்பியவர் எவரும் இலர். வீட்டுக் கட்டின் மெய்யான ஆதாயம் வேறிடத்தில் உள்ளது: முட்களின் இடைவெளி, நரம்பின் தடிமன், தொடுப்பின் நீளம் ஆகியவற்றை அவரவர் ஏரிக்கும் நீரின் தெளிவுக்கும் ஏற்ப அமைத்துக்கொள்ளலாம், கட்டு எப்போது கட்டப்பட்டது என்பதும் கட்டியவருக்குத் தெரிந்திருக்கும். தவிரவும், மினசோட்டாவின் வடபகுதி ஏரிகள் ஆண்டில் நான்கைந்து மாதங்கள் உறைந்து கிடப்பவை. பனித்தளத்தில் துளையிட்டு மீன் பிடிக்கச் செல்லாத நாள்களில் சமையலறை மேசையில் மணி கோப்பதைத் தவிர வேறென்ன செய்வது என்பதும் ஒரு காரணமாகக் கொள்ளத்தக்கதே.

சேணத்தைவிட எளிமையான தொடுப்பு லிண்டி ரிக் ஆகும். ஆல் லிண்ட்னர், ரான் லிண்ட்னர் என்னும் உடன்பிறந்தார் 1960-களின் இறுதியில் மினசோட்டாவின் பிரைனர்ட் நகரிலிருந்து பரப்பிய இத்தொடுப்பில், காலணி வடிவ ஈயம் ஒன்று முதன்மை நரம்பில் தடையின்றி ஓடுகிறது. சுழல் வளையம் அதனைக் கீழே இறங்கவிடாமல் நிறுத்துகிறது. அதற்குப் பின்னே சில அடி நீளமுள்ள மெல்லிய முன்துண்டும், அதன் நுனியில் தண்டுக்கட்டிட்ட ஒற்றை முள்ளும் அட்டையையோ புழுவையோ சிறுமீனையோ ஏந்திச் செல்கின்றன. மீன் இரையை எடுத்துக்கொண்டு நகரும்போது நரம்பு ஈயத்தின் துளை வழியே வழுகிப் போவதால், ஈயத்தின் பளு அதற்குத் தெரிவதில்லை. சந்தேகம் தோன்றி இரையைத் துப்புவதற்குள் சில நொடிகள் கிடைக்கின்றன. ஐயுறும் மீனுக்கு ஐயம் எழாதபடி வடிவமைத்த ஒரு கருவி என்ற வகையில், தூண்டில் உலகின் நேர்த்தியான எண்ணங்களில் ஒன்றாக இதனைக் கருதலாம்.

இதன் சுழல் வளையத்துக்குப் பலரும் பரிந்துரைப்பது பாலோமார் முடிச்சு. நரம்பை இரட்டித்துக் காதினுள் செலுத்தி, அந்த இரட்டை நரம்பால் ஓர் எளிய முடிச்சிட்டு, எஞ்சிய கண்ணியினுள் வளையத்தையோ முள்ளையோ நுழைத்தெடுத்து நனைத்து இறுக்குவதோடு இது முடிந்துவிடுகிறது; நரம்பு இரட்டையாக இருப்பதால் வழுக்கும் பாலிஎத்திலீனிலும் நன்கு நிற்கிறது. ஆனால் கட்டப்படும் பொருள் கண்ணியினுள் புகுந்து வெளிவர வேண்டும் என்பதே இதன் நிபந்தனை. முன்துண்டையும் முள்ளையும் முதலில் மாட்டிவிட்டுப் பிறகு வளையத்தை முதன்மை நரம்பில் பாலோமாரால் கட்ட முனைபவர், ஐந்தடி நரம்பையும் முள்ளையும் அச்சிறு கண்ணியினுள் இழுத்துக்கொண்டிருக்க நேரும். படகு ஆடும்போது அந்த முள் எங்கே தைக்கும் என்பது அவரவர் ஊழ். வளையத்தை முதன்மை நரம்பில் முதலில் கட்டுவது, அல்லது யூனி முடிச்சுக்கு மாறிக்கொள்வது ஆகிய இரண்டில் ஒன்றே விவேகம்.

யூனி முடிச்சை ஃபுளோரிடா மாநிலத்து மீன்பிடி எழுத்தாளர் விக் டனவே, ஒன்றைக் கற்றால் எல்லாவற்றுக்கும் பயன்படும் என்னும் நோக்கில் பரப்பினார். பெயரிலுள்ள யூனி ஒருமையைக் குறிப்பது. காதினுள் நுழைத்த நரம்பை மடித்து ஒரு கண்ணி அமைத்து, அக்கண்ணியின் ஊடாகவும் நெடுநரம்பைச் சுற்றியும் வால்முனையை ஐந்தாறு முறை சுற்றி இழுத்தால் சுருக்கு உருவாகும். அச்சுருக்கை நகர்த்திக் காதோடு ஒட்டவைக்கலாம். இரண்டு நரம்புகளை எதிரெதிராக வைத்து இதே சுருக்கை இருமுறை இட்டால், பாலிஎத்திலீன் முதன்மை நரம்போடு ஃபுளோரோகார்பன் முன்துண்டை இணைக்கும் இரட்டை யூனி கிடைக்கிறது.

இவ்வனைத்திலும் இனியது, எதையும் எதனோடும் கட்டாத ஒரு யூனி. வழுகு தக்கைத் தொடுப்பில் தக்கை நரம்பின்மீது மேலும் கீழும் ஓடக்கூடியது. இரை எத்தனை அடி ஆழத்தில் நிற்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது, முதன்மை நரம்பின்மீது தனியொரு நூலால் இடப்பட்ட யூனிச் சுருக்குத்தான். நரம்பை ரீலில் சுருட்டும்போது அச்சுருக்கு கோலின் வளையங்களினூடே உள்ளே சென்றுவிடுகிறது. எறிந்த பின் தக்கை மிதக்க, ஈயம் இரையோடு கீழிறங்க, சுருக்கு வந்து தக்கைக்கு மேல் கோத்த மணியில் முட்டியதும் இறக்கம் நின்றுவிடுகிறது. ஆழத்தை மாற்ற வேண்டுமாயின் சுருக்கை நனைத்து விரலால் தள்ளினாலே போதும். மற்ற முடிச்சுகளில் வால்முனையை ஒட்ட நறுக்குவதே பழக்கமாதலால் இங்கும் அவ்வாறே நறுக்கிவிடுவோர் பலர். ஒட்ட நறுக்கிய முனை விறைத்து நின்று கோலின் ஒவ்வொரு வளையத்திலும் டக், டக் என்று இடித்து எறிதலைக் கெடுக்கும். அரையங்குலத்துக்குக் குறையாமல் விட்டுவைத்த முனையோ மடங்கிக் கொடுத்துப் போய்விடும். மினசோட்டாவின் மில் லாக்ஸ் ஏரியின் பாறைத் திட்டுகளின் மேல் அட்டையைத் தொங்கவிட்டு அந்தியில் காத்திருப்போருக்கு இத்தொடுப்பே துணை.

ஜிக் எனப்படும் ஈயத்தலை முள்ளைப் பற்றி நீட்டிச் சொல்வதற்கில்லை. மெல்லிய நைலானில் அசையும் கண்ணி முடிச்சு இட்டால் அது நீரில் தாராளமாக ஆடும். இல்லையேல் பாலோமார் போதும். மினசோட்டாவில் வால்ஐப் பருவம் மே மாதத்தில் தொடங்கும்போது ஏரிகளில் பனி உருகிச் சில வாரங்களே ஆகியிருப்பதும், விரல்நுனி உணர்விழந்த நிலையில் படகில் கட்ட நேரும் முடிச்சு பெரும்பாலும் ஜிக்கின் முடிச்சே என்பதும் கருதத்தக்கவை. அந்நேரத்தில் கைக்கு வராத முடிச்சின் பெருமை எத்துணையாயினும் பயனில்லை.

முடிச்சுகளின் பெருமை பேசும் அட்டவணைகள் இத்துறையில் ஏராளம். இம்முடிச்சு நரம்பின் வலிமையில் 95 விழுக்காடு தாங்கும், அம்முடிச்சு 100 விழுக்காடு தாங்கும் என்று அச்சிடப்படும் எண்களை அப்படியே நம்புவது அறியாமை. நரம்பின் உறையில் எழுதப்பட்ட வலிமையைவிட அதன் உண்மை வலிமை பல வேளைகளில் கூடுதலாக இருக்கும். 10 பவுண்டு என்று எழுதப்பட்ட நரம்பு உண்மையில் 13 பவுண்டு தாங்குமாயின், 10 பவுண்டில் அறுந்த முடிச்சும் உறையின் கணக்கில் 100 விழுக்காட்டு வெற்றியாகிவிடுகிறது. பெரும்பாலான அட்டவணைகள் மெல்ல இழுக்கும் பொறியில் எடுத்த அளவுகளே அன்றி, படகருகே வந்து திடீரெனத் தலையை உதறும் மீனிடம் எடுத்தவை அல்ல. எந்த முடிச்சாயினும் நரம்பு நேராக வந்து முதற்சுற்றில் வளையும் இடமே பலவீனமானது. அவ்வளைவில் நரம்பின் வெளிப்புறம் மிகுதியாக இழுபடுகிறது. நல்ல முடிச்சு அவ்விடத்தைச் சற்று மெத்தென்று ஆக்குகிறதே அன்றி இல்லாமற்செய்வதில்லை.

அட்டவணையைவிட நம்பத்தக்க சான்று அறுந்த நரம்பின் முனை. மீன் போன பிறகு அதனைக் கையிலெடுத்துப் பார்ப்பது பிரேதப் பரிசோதனைக்கு ஒப்பானது: முனை பன்றிவால் போலச் சுருண்டிருந்தால் முடிச்சு அறுபடவில்லை, வழுக்கி அவிழ்ந்தது, சுற்றுகள் போதவில்லை அல்லது இறுக்கம் போதவில்லை. சுருளின்றி வெட்டுப்பட்டதுபோல் இருந்தால், முடிச்சின் கழுத்திலேயே நைந்தோ, ஏறிய சுற்று அறுத்தோ, முன்பே கீறல் விழுந்தோ போயிருக்கிறது. முனைக்கு மேலே நெடுந்தூரம் சொரசொரத்திருந்தால் குற்றம் முடிச்சினுடையதன்று. பாறையினுடையது, அல்லது முந்தைய மீன்களின் பற்களினுடையது. இரண்டு மீன்களுக்கு முன்பே அத்தொடுப்பை மாற்றியிருக்க வேண்டும். இச்சோதனைக்கு ஆகும் நேரம் பத்து நொடி. எனினும் பலர் அறுந்த முனையைப் பாராமலே வெட்டி நீரில் எறிந்துவிட்டு அதே பிழையை மறுபடியும் கட்டுகின்றனர். அவ்வாறு எறியப்பட்ட நைலான் துண்டுகள் நீர்ப்பறவைகளின் கால்களிலும் அலகுகளிலும் சுற்றிக்கொள்வதால், வெட்டிய ஒவ்வொரு முனையும் படகிலேயே ஒரு டப்பாவுக்குள் போக வேண்டும்.

கட்டி முடித்த சேணங்களை நீச்சல் குளத்தில் குழந்தைகள் பிடித்து மிதக்கும் நுரைக்குழாயைத் துண்டுபோட்டு அதன்மீது சுற்றி வைப்பது எளிய, மலிவான வழக்கம். முள்முனை நுரையில் குத்தி நிற்கும், தொடுப்புகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளா. ஆனால் நைலானும் ஃபுளோரோகார்பனும் சுற்றிய வடிவத்தையே நினைவில் வைத்துக்கொள்ளும் பொருள்கள் என்பதால், குழாய் பருமனாக இருத்தல் வேண்டும். சுருண்டதை நீரில் நனைத்துச் சிறிது நேரம் இழுத்துப் பிடித்தால் ஓரளவு நேராகும். நீருக்கு அனுப்புமுன் ஒவ்வொரு தொடுப்பின் முள்ளையும் ஏதேனும் ஒரு கொக்கியில் மாட்டி ஒருமுறை சீராக இழுத்துப் பார்க்க வேண்டும். அறுந்தால் மேசையில் அறுந்ததாகவே இருக்கட்டும். சென்ற பருவத்தில் மீன் கண்ட சேணத்தை இவ்வாண்டும் அப்படியே பயன்படுத்தலாமா என்ற கேள்விக்கு விடை, பயன்படுத்தலாகாது என்பதே. முட்கள், மணிகள், தகடு ஆகியவற்றைக் கழற்றி வைத்துக்கொண்டு நரம்பை மட்டும் புதிதாக வெட்டிக் கட்டுக. ஆறடி நைலானின் விலை சில சென்ட்டுகள்தான்.